ஆடாதோடை முதல் பிரஷர் மாத்திரை வரை: நாட்டு மருந்தை ஆய்வகத்துக்குக் கொண்டுபோன ராம்நாத் சோப்ரா யார்?

காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் ஏரியை ஒட்டிய கிராமங்களில் வேலியோரம் ஆடாதோடை நிற்பதைப் பார்க்கலாம். ஆடு தொடாத இலை, அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள். சளி, இருமல் என்றால் நாலு இலையைப் பறித்துக் கஷாயம் வைப்பது பல தலைமுறைப் பழக்கம். அதே இருமலுக்குச் சிதம்பரம் மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கினால், லேபிளில் பெரும்பாலும் ப்ரோம்ஹெக்சின் அல்லது அம்ப்ராக்சால் என்ற பெயர் இருக்கும்.

இந்த இரண்டு பெயர்களுக்கும் வேலியோரச் செடிக்கும் நேரடி உறவு உண்டு. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்டதுதான் ப்ரோம்ஹெக்சின். அது உடம்புக்குள் போய் மாறும்போது கிடைப்பது அம்ப்ராக்சால். ஒரு ஜெர்மன் நிறுவனம் 1963-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதற்குச் சுமார் 40 வருடம் முன்பே கல்கத்தாவில் ஒரு டாக்டர் இந்த வாசிசினை விலங்குகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுத்து, இது மூச்சுக்குழாயில் என்ன செய்கிறது என்று அளந்து எழுதி வைத்திருந்தார். அவர் பெயர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று பார்மசி பாடப் புத்தகங்கள் சொல்லும் மனிதர். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்ப எளிமையானது: நாட்டு மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா? செய்தால் எந்த அளவில், யாருக்கு, என்ன விலையில்?

நூறு வருடம் ஆகியும் இந்தக் கேள்வி பழசாகவில்லை. டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீர், கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீர் என்று தமிழ்நாடு ஒவ்வொரு முறையும் இரண்டு அணியாகப் பிரிந்தது. ஒரு அணிக்கு எல்லாமே பாட்டி வைத்தியத்தில் இருக்கிறது. இன்னொரு அணிக்கு எல்லாமே ஏமாற்று. சோப்ரா இந்த இரண்டு அணியிலும் சேராதவர். அதற்கான விலையையும் கொடுத்தவர்.

குஜ்ரன்வாலா டு கேம்பிரிட்ஜ்

இன்று பாகிஸ்தானில் இருக்கும் குஜ்ரன்வாலாவில் 1882 ஆகஸ்ட் 17-ல் சோப்ரா பிறந்தார். லாகூரில் கல்லூரிப் படிப்பு. 1903-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டவுனிங் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே இயற்கை அறிவியல், பிறகு லண்டனில் மருத்துவப் பயிற்சி.

கேம்பிரிட்ஜில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் வால்டர் எர்னஸ்ட் டிக்சன். அந்தக் காலத்தில் மருந்தியல் என்ற துறையே புதுசு. ஒரு மருந்தைக் கொடுத்தால் நோயாளிக்குத் தேவலாமா இல்லையா என்று கேட்பதோடு பழைய மருத்துவம் நின்றுவிடும். டிக்சன் போன்றவர்கள் அதற்கு அடுத்த கேள்விக்குப் போனார்கள். மருந்து இதயத்தை வேகப்படுத்துகிறதா, ரத்தக் குழாயை விரிக்கிறதா, குடல் தசையை இறுக்குகிறதா? எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு தாண்டினால் விஷம்? இதையெல்லாம் கருவி வைத்து அளந்தார்கள். இந்தப் பழக்கம் சோப்ராவிடம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

1908-ல் போட்டித் தேர்வு எழுதி இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். ஐ.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட இது, அடிப்படையில் ராணுவத்தோடு பிணைந்த பணி. வெள்ளைக்காரர்களின் கோட்டையாக இருந்த அந்த அமைப்பில் இந்தியர்கள் அப்போது மிகக் குறைவு. முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றினார். பிற்காலத்தில் அவர் கர்னல் சோப்ரா என்றே அறியப்பட்டது இந்த ராணுவப் பின்னணியால்தான்.

ஒரே கூரைக்குக் கீழே

சோப்ராவின் வாழ்க்கையில் திருப்புமுனை கல்கத்தா. வெப்பமண்டல நோய்களை ஆராய அங்கே உருவான ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசின் 1920களின் தொடக்கத்தில் செயல்படத் தொடங்கியது. அதன் முதல் மருந்தியல் பேராசிரியராக அவர் நியமிக்கப்பட்டார்.

அந்த இடத்தின் அமைப்பே அவருக்குப் பெரிய வசதி. செடியை உறுதிசெய்யத் தாவரவியலாளர், சாறு எடுத்துப் பிரிக்க வேதியியலாளர், விலங்குகளில் சோதிக்க மருந்தியல் ஆய்வகம், நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்க ஒட்டியே ஒரு மருத்துவமனை. வேதியியல் பேராசிரியர் சுதாமய் கோஷ் அவருடைய நெருங்கிய கூட்டாளி ஆனார். இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம்.

நாட்டு மருந்துகள் பற்றி அதற்கு முன் யாரும் எழுதவில்லை என்று அர்த்தமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஒயிட்லா எய்ன்ஸ்லி சென்னையில் இருந்துகொண்டு 1813-லேயே இந்திய மருந்துப் பொருட்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டிருக்கிறார். ஊட்டியில் அரசின் சின்கோனா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர்தான் ஆடாதோடை இலையில் இருந்து வாசிசினை 1888-ல் பிரித்துப் பெயரிட்டவர். ஆனா இவை பெரும்பாலும் பட்டியல்கள், அல்லது வேதியியலோடு முடிந்த வேலைகள். செடியிலிருந்து நோயாளி வரை ஒரே சங்கிலியாக, நூற்றுக்கணக்கான மருந்துகளுக்கு, வருடக்கணக்கில் இந்த வேலையைச் செய்ய ஒரு குழுவை உருவாக்கியவர் சோப்ரா.

மூன்று இலக்குகள்

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 1933-ல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகமான இண்டிஜினஸ் டிரக்ஸ் ஆஃப் இந்தியாவில் அவர் மூன்று காரணங்களை முன்வைக்கிறார்.

முதலாவது, மருந்தில் இந்தியா சொந்தக் காலில் நிற்க வேண்டும். அன்றைக்கு நிலைமை விசித்திரமானது. மூலிகை இங்கே விளையும். மூட்டையாகக் கப்பல் ஏறும். ஐரோப்பாவில் பாட்டிலில் அடைத்து, பல மடங்கு விலையில் திரும்பி வரும்.

இரண்டாவது, ஆயுர்வேதமும் யுனானியும் மற்ற மரபுகளும் சொல்லும் மருந்துகளில் எதெல்லாம் சோதனையில் தேறுகிறதோ, அதையெல்லாம் நவீன மருத்துவர் தயக்கமில்லாமல் எழுதிக் கொடுக்கும் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். மருந்தின் விலை சாதாரண மக்களுக்கு எட்ட வேண்டும். இந்தியாவின் பெரும்பான்மைக்கு இறக்குமதி மருந்து வாங்கும் வசதி கிடையாது. உள்ளூரில் சரியான மாற்று கிடைத்தால்தான் வைத்தியமே சாத்தியம் என்பது அவருடைய கணக்கு. மரபின் பெருமையை நிரூபிப்பது அவருடைய பட்டியலில் இல்லை. மருந்து வேலை செய்யணும், ஏழைக்கும் கிடைக்கணும், அவ்வளவுதான்.

செடி செடியாக ஒரு பரீட்சை

அவர் சோதித்த செடிகளில் பல, தமிழ்நாட்டில் சர்வ சாதாரணமாகக் கிடைப்பவை.

மூக்கிரட்டை: வயல் வரப்பிலும் ரோட்டோரத்திலும் தானாகப் படரும் கீரை. வடக்கே புனர்நவா. உடம்பில் நீர் கோத்து வீங்கினால் இதைக் கொடுப்பது வழக்கம். 1923-ல் வெளியான ஆய்வில் இது சிறுநீரைப் பெருக்குவதை சோப்ரா குழு பதிவு செய்தது. இதில் உள்ள ஆல்கலாய்டோடு சேர்த்து, அதிக அளவில் இருக்கும் பொட்டாசியம் நைட்ரேட் உப்பையும் காரணமாகக் காட்டினார்கள். (ஆல்கலாய்டு என்பது செடிகள் உருவாக்கும் நைட்ரஜன் கலந்த வேதிப்பொருள் வகை. மிகச் சிறிய அளவிலேயே உடம்பில் பெரிய மாற்றம் செய்யக்கூடியது. காபியில் உள்ள கஃபீனும் புகையிலையின் நிகோட்டினும் இந்த வகையறாதான்.)

ஆடாதோடை: வாசிசினுக்கு மூச்சுக்குழாயை லேசாக விரிக்கும் தன்மையும், சளியை இளக்கி வெளியேற்றும் தன்மையும் இருப்பதை 1925 வாக்கில் சோப்ராவும் கோஷும் காட்டினார்கள். எல்லா நெஞ்சு நோய்க்கும் கண்கண்ட மருந்து என்ற மிகையான நம்பிக்கை ஒரு பக்கம், வெறும் இலைச்சாறு என்ற அலட்சியம் இன்னொரு பக்கம். அளந்து பார்த்தபோது உண்மை நடுவில் இருந்தது.

கார்போக அரிசி: நலங்கு மாவில் சேர்ப்பார்களே, அதே விதைதான். வெண்புள்ளிக்கு இதைப் பூசுவது பழைய வைத்தியம். 1927-ல் சோப்ராவும் சட்டர்ஜியும் இதன் வேதியியலையும் தோலில் இதன் செயல்பாட்டையும் ஆராய்ந்து எழுதினார்கள். இதிலிருந்து பிறகு பிரிக்கப்பட்ட சோராலென் என்ற பொருளின் பெயரே இந்தச் செடியின் அறிவியல் பெயரிலிருந்து வந்தது. சோராலென் வகை மருந்தைக் கொடுத்துப் புற ஊதாக் கதிர் காட்டும் சிகிச்சையை இன்றும் தோல் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். சும்மா பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்துபோகும் ஆபத்தும் இதில் உண்டு.

குடசப்பாலை: சீதபேதிக்கு இதன் பட்டை. அமீபாவால் வரும் சீதபேதி அன்று உயிரைப் பறிக்கும் நோய். அதற்கான எமிட்டீன் ஊசி தென் அமெரிக்க வேரிலிருந்து தயாரானது. விலை அதிகம், இதயத்தையும் பாதிக்கும். வாய்வழியாகக் கொடுக்கக்கூடிய குடசப்பாலை ஆல்கலாய்டு மருந்து ஒன்றை சோப்ராவும் அவருடைய சக ஆய்வாளர் ஆக்டனும் நோயாளிகளிடம் சோதித்து 1929-ல் எழுதினார்கள்.

இந்தப் பட்டை விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. குடசப்பாலையும் வெட்பாலையும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. சந்தையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று சர்வ சாதாரணமாகக் கலந்து வந்தது. வெட்பாலைப் பட்டைக்கு சீதபேதியில் அந்த வேலை இல்லை. மருந்து பலிக்கவில்லை என்று நோயாளி சொன்னால், மருந்தே தப்பா, இல்லை கடைக்காரர் கொடுத்த பட்டை தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர் ஒன்று, பொருள் வேறு என்றால் எந்த வைத்திய முறையும் தோற்றுத்தான் போகும். நாட்டு மருந்தின் பெரிய எதிரி நவீன மருத்துவம் என்பதைவிட, இந்தக் கலப்படமும் குழப்பமும்தான் என்ற முடிவுக்கு சோப்ரா வர இதுபோன்ற அனுபவங்களே காரணம்.

சோதித்த எல்லாம் தேறிவிடவில்லை. பெரிய பெயரோடு வந்த பல மருந்துகள் ஆய்வகத்தில் குறிப்பிடும்படி எதையும் செய்யவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார். குடசப்பாலை மருந்தும் 1960களில் மெட்ரோனிடசோல் பரவலானதும் பின்னுக்குப் போனது. ஒரு மருந்தைவிட நல்லது வந்தால் பழையது வழிவிடுவதுதான் இந்த ஆட்டத்தின் விதி.

சர்ப்பகந்தா: கை நழுவிய வெற்றி

சோப்ரா காலத்து ஆராய்ச்சியில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்த செடி சர்ப்பகந்தா. பாம்புக்கடி, தூக்கமின்மை, மனநோய் என்று இதன் வேரை இந்தியாவின் பல பகுதிகளில் கொடுத்து வந்தார்கள்.

1931-ல் கல்கத்தா மருத்துவர்கள் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதாகவும் மன நோயாளிகளை அமைதிப்படுத்துவதாகவும் எழுதினார்கள். அதே ஆண்டில் டெல்லியில் வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திகி இதன் ஆல்கலாய்டுகளைப் பிரித்து, தன்னை ஆதரித்த யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர் வைத்தார். 1933-ல் சோப்ராவும் குப்தாவும் முகர்ஜியும் வேரிலிருந்து எடுத்த ஆல்கலாய்டின் மருந்தியல் செயல்பாட்டை, விலங்குகளில் ரத்த அழுத்தம் இறங்குவது உட்பட, வெளியிட்டார்கள்.

கவனியுங்கள், அன்று உயர் ரத்த அழுத்தத்துக்கு உலகில் எங்குமே நல்ல மாத்திரை கிடையாது. 1949-ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளிடம் சர்ப்பகந்தாவைச் சோதித்த முடிவை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். உலகம் விழித்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன விஞ்ஞானிகள் ரெசர்பின் என்ற முக்கிய ஆல்கலாய்டைப் பிரித்தார்கள். செர்பாசில் என்ற பெயரில் மாத்திரை வந்தது. ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் 1950களில் உலகம் முழுக்க அது பரபரப்பாக விற்றது.

செடி இங்கே, அனுபவம் இங்கே, முதல் வேதியியல், முதல் மருந்தியல், முதல் பெரிய நோயாளி ஆய்வு எல்லாம் இங்கே. மாத்திரையாக மாறியது மட்டும் பாசெல் நகரில். சோப்ராவின் முதல் இலக்கை எடுத்து இந்தக் கதையோடு வைத்துப் பார்த்தால் வலிக்கும். ஆராய்ச்சி நடந்தது, அதை மருந்தாக்கும் தொழிற்சாலையும் முதலீடும் அன்றைய இந்தியாவில் இல்லை.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. ரெசர்பின் சிலருக்கு மன அழுத்தம் உள்ளிட்ட பக்கவிளைவுகளைத் தந்தது. புதிய மருந்துகள் வந்ததும் முன்வரிசையிலிருந்து விலகியது. இயற்கை மருந்துக்குப் பக்கவிளைவே கிடையாது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், சர்ப்பகந்தாவை நினைவுபடுத்தலாம்.

குயினைன் பாட்டிலில் என்ன இருந்தது?

1920களில் இந்தியாவில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மருந்து என்று விற்கலாம். மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன் வரை கலப்படம், அளவு குறைவு என்ற புகார்கள் குவிந்தன. தடுக்கச் சட்டமே இல்லை.

1930-ல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்து, சோப்ராவைத் தலைவராக்கியது. 1931-ல் வந்த அறிக்கை நிலைமையை உடைத்துச் சொன்னது. நாடு முழுக்க ஒரே மருந்துச் சட்டம் வேண்டும், மருந்தைப் பரிசோதிக்க ஆய்வகங்கள் வேண்டும், மருந்து கலந்து கொடுப்பவர் முறையாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

உடனே எதுவும் நடக்கவில்லை. 1937-ல்தான் மருந்துகளின் தரத்தைச் சோதிக்கக் கல்கத்தாவில் ஒரு ஆய்வகம் வந்தது. அதற்கும் சோப்ராவே இயக்குநர். 1940-ல் மருந்துச் சட்டம். 1948-ல் பார்மசி சட்டம். இன்று ஒவ்வொரு மாத்திரை அட்டையிலும் இருக்கும் தயாரிப்பு எண், காலாவதித் தேதி, உரிம எண், கடைச் சுவரில் மாட்டியிருக்கும் பார்மசிஸ்ட் சான்றிதழ், இவற்றுக்கெல்லாம் பின்னால் இருக்கும் ஏற்பாடு தொடங்கிய இடம் அந்த அறிக்கை.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1940 சட்டம் ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவைத்தது. 1964 திருத்தத்தில்தான் அவை உள்ளே வந்தன. சித்த மருந்தின் பெயர் சட்டத்தில் தனியாக இடம்பெற 1982 திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நவீன மருந்துக்குத் தரக் கட்டுப்பாடு வந்து ஒரு தலைமுறைக்கும் மேலான பிறகே நாட்டு மருந்துக்கு வந்தது. இதனால் அதிகம் பாதிக்கப்பட்டது நாட்டு மருந்தை நம்பிச் சாப்பிட்டவர்கள்தான்.

இரண்டு பக்கமும் அடி

1941-ல் சோப்ராவுக்கு சர் பட்டம் கிடைத்தது. கல்கத்தா பணியிலிருந்து ஓய்வு பெற்று காஷ்மீருக்குப் போனார். உலகப் போரால் இறக்குமதி மருந்து தடைபட்ட காலம் அது. உள்ளூர் மூலிகைகளின் அருமை அரசுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜம்முவில் அவர் தலைமையில் மருந்து ஆராய்ச்சிக் கூடம் உருவானது. பிரிட்டிஷ் மருந்துத் தொகுப்பில் இல்லாத, ஆனால் இந்தியாவில் பயன்படும் மருந்துகளைப் பட்டியலிட்ட இந்தியன் பார்மகோபியல் லிஸ்ட் 1946-ல் வெளிவந்தது. அதைத் தயாரித்த குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

அதே 1946-ன் இறுதியில் இன்னும் கஷ்டமான ஒரு பொறுப்பு வந்தது. சுதந்திர இந்தியாவில் ஆயுர்வேதம், சித்தா, யுனானிக்கு என்ன இடம் என்று முடிவுசெய்யும் குழு. 1948-ல் அவர் கொடுத்த பரிந்துரையின் சாரம் இணைப்பு. இந்திய மருத்துவமும் மேற்கத்திய மருத்துவமும் தனித்தனித் தீவுகளாக இருக்கக்கூடாது. படிப்பிலும் ஆராய்ச்சியிலும் ஒன்றோடொன்று கலக்க வேண்டும். இரண்டிலும் நல்லதை எடுத்து ஒரே மருத்துவமாக வளர்க்க வேண்டும்.

இதுல என்ன தப்பு என்று தோன்றும். ஆனா இரண்டு தரப்பும் ஏற்கவில்லை. நவீன மருத்துவர்களுக்கு, நிரூபிக்கப்படாத கோட்பாடுகளைக் கல்லூரிக்குள் விடுவது பிடிக்கவில்லை. மரபு மருத்துவத்தைச் சுத்தமாகக் காக்க நினைத்தவர்களுக்கு, கலந்தால் தங்கள் முறை கரைந்து காணாமல் போய்விடும் என்ற பயம்.

இரண்டாவது பயம் வெறும் கற்பனை இல்லை என்பதற்குச் சென்னையே சாட்சி. மதராஸ் மாகாணத்தில் முகமது உஸ்மான் தலைமையிலான குழு, நாட்டு மருத்துவம் பற்றி 1923-லேயே அறிக்கை கொடுத்தது. அதன் செயலாளர் கேப்டன் ஜி.சீனிவாசமூர்த்தி, மேற்கத்திய மருத்துவம் படித்து ஆயுர்வேதத்துக்காக வாதாடியவர். அந்த அறிக்கையின் விளைவாக வந்த இந்திய மருத்துவப் பள்ளிக்கு அவர் முதல்வர். சித்தா, ஆயுர்வேதம், யுனானியோடு நவீன மருத்துவமும் அங்கே கற்றுத்தரப்பட்டது. காலப்போக்கில் நவீன மருத்துவத்தின் பங்கு கூடிக்கொண்டே போனது. 1960-ல் அதன் இடத்தில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி நின்றது. சித்தாவுக்குத் தனிக் கல்லூரி 1964-ல் பாளையங்கோட்டையில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

சோப்ரா குழுவின் இணைப்புத் திட்டத்தை மத்திய அரசு அப்படியே ஏற்கவில்லை. ஆராய்ச்சி வேண்டும் என்ற பகுதி மட்டும் நகர்ந்து, 1950களின் தொடக்கத்தில் குஜராத்தின் ஜாம்நகரில் ஒரு மத்திய ஆய்வு நிறுவனமாக முடிந்தது. இன்றும் எம்.பி.பி.எஸ். ஒரு பக்கம், பி.எஸ்.எம்.எஸ். ஒரு பக்கம் என்று தனித்தனித் தண்டவாளங்கள்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போடலாமா கூடாதா என்ற சண்டை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆரம்பிக்கிறது.

சோப்ரா மீதான நியாயமான கேள்வி

சோப்ராவின் வழியில் குறையே இல்லையா? இருக்கிறது. அவர் செடியை எடுத்துக்கொண்டார், அதைச் சுற்றியிருந்த சிந்தனையைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். ஒரு சித்த வைத்தியர் நோயாளியின் நாடி, உணவு, பருவம் எல்லாம் பார்த்து, பல சரக்குகளைச் சேர்த்து, சுத்தி செய்து மருந்து கொடுப்பார். ஆய்வகம் அதில் ஒற்றைச் செடியின் ஒற்றை ஆல்கலாய்டை மட்டும் பிரித்துச் சோதித்தால், அது அந்த வைத்தியரின் மருந்தைச் சோதித்ததாகுமா? வாசிசின் வேறு, ஆடாதோடை மணப்பாகு வேறு என்று அவர்கள் சொல்வதில் அர்த்தம் உண்டு.

இன்னொரு பக்கம், எத்தனை சரக்கு சேர்ந்த மருந்தாக இருந்தாலும் கடைசியில் நோயாளிக்குக் குணமானதா, கல்லீரலும் சிறுநீரகமும் பத்திரமாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க முடியும். எண்ணிப் பார்க்க மறுக்கும் மருந்துக்கு சோப்ராவின் அளவுகோலில் இடமில்லை. முழுக் கூட்டு மருந்தையே, கட்டுப்பாட்டுக் குழு வைத்து, நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கும் வழிகள் இன்று உண்டு. தாம்பரத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் ஆராய்ச்சிக்கான கட்டமைப்பும் இருக்கிறது.

சீனாவில் இதே பாதையில் போன தூ யூயூ, பழைய மருத்துவ நூல்களைப் புரட்டி, ஒரு செடியிலிருந்து மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் எடுத்து, 2015-ல் நோபல் பரிசு பெற்றார். அவருக்குப் பின்னால் ஒரு அரசின் திட்டமும், ஆய்விலிருந்து மாத்திரை வரை தொடர்ந்த ஆதரவும் இருந்தன. சர்ப்பகந்தாவுக்கு இங்கே கிடைக்காமல் போனது அதுதான்.

கடைசி வருடங்கள்

ஜம்மு ஆய்வகம் 1957-ல் சி.எஸ்.ஐ.ஆர். வசம் போனது. இன்று அது இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, எஸ்.எல்.நாயருடனும் தன் மகன் ஐ.சி.சோப்ராவுடனும் சேர்ந்து அவர் தொகுத்த இந்திய மருத்துவத் தாவரங்களின் அகராதி வெளிவந்தது. எந்தச் செடி, எந்த மொழியில் என்ன பெயர், எதற்குப் பயன், உள்ளே என்ன வேதிப்பொருள் என்று அடுக்கிய அந்தப் புத்தகம் இன்றும் மூலிகை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மேற்கோளாக வந்துகொண்டே இருக்கிறது.

1973 ஜூன் 13-ல், 90 வயதில், ஸ்ரீநகரில் சோப்ரா காலமானார். அவர் நூற்றாண்டை ஒட்டி 1983-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அவர் வைத்த மூன்று இலக்குகளின் இன்றைய கணக்கைப் பார்த்தால், மாத்திரைத் தயாரிப்பில் இந்தியா உலகத்துக்கே சப்ளை செய்யும் நாடாக வளர்ந்திருக்கிறது. மருந்து விலையும் பல நாடுகளைவிடக் குறைவு. நடுவில் இருந்த இரண்டாவது இலக்குதான் இன்னும் பாதியில் நிற்கிறது. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பட்டை எந்த மரத்தினுடையது, அதில் என்ன எவ்வளவு இருக்கிறது, எந்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது என்று பொட்டலத்தின் மேல் எழுதியிருக்காது. சோப்ரா 1920களில் கேட்ட கேள்விகள் இவைதான். அடுத்த முறை யாராவது ஒரு கஷாயத்தைப் பரிந்துரைத்தால், நம்புவதற்கும் சிரிப்பதற்கும் முன்னால் இதையெல்லாம் கேட்டுப் பார்க்கலாம்.